பக்கத்து வீட்டுத் தாத்தா கொடுத்த பேஸ்பால் கார்டுகள்: மதிப்பு இருக்கா, எப்படிப் பார்க்கிறது?

எடிசன் மீனா:

எல்லாருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில எடிசன் பக்கம் இருக்கோம். பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா வீட்டை வித்துட்டு ஃப்ளோரிடாவுக்குப் போறார். கராஜ்ல இருந்த நாலு பெட்டி பேஸ்பால் கார்டை என் பையன்கிட்ட கொடுத்துட்டார். அவர் பசங்களுக்கு அதுல ஆசை இல்லையாம். இவன் லிட்டில் லீக் ஆடறான், அவர்கிட்ட ஓயாம பேஸ்பால் பேசுவான், அதனால இவனுக்கே கொடுத்துட்டார்.

எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. சின்ன வயசுல பிக் ஃபன் பபுள்கம்ல வர்ற கிரிக்கெட் படம் சேர்த்ததோட சரி. பையனுக்கு இப்ப பதினோரு வயசு. இவன் வயசுல ஒரு பையன் பாக்கெட் பிரிச்சப்ப கிடைச்ச ஒரே கார்டு 2025ல பத்து லட்சம் டாலருக்கு மேல போச்சுன்னு படிச்சதுல இருந்து ராத்திரி தூக்கம் இல்லை அவனுக்கு. ஆபீஸ்ல ஒருத்தர் 80கள் கார்டுன்னா காலேஜ் ஃபீஸே கட்டிடலாம்ங்கறார். எங்க வீட்டுக்காரர் பழைய பேப்பர் விலைதான்ங்கறார். பக்கத்துல ஒரு கார்டு கடைக்கு ஒரு பெட்டியை எடுத்துட்டுப் போனோம். அவர் மேலாகப் புரட்டிட்டு, நாலு பெட்டிக்கும் சேர்த்து நாற்பது டாலர் தரேன்னார். ஏமாத்தறாரா? எதைப் பார்த்து மதிப்பைச் சொல்றாங்க?

டல்லாஸ் கார்த்தி:

கடைக்காரர்கிட்ட கொடுத்துடாதீங்க! நான் இப்பத்தான் இபேல தேடினேன். 1987ல டாப்ஸ் கம்பெனி போட்ட பாரி பாண்ட்ஸ் கார்டு ஒண்ணுக்கு ஐயாயிரம் டாலர் போட்டிருக்காங்க. நாலு பெட்டின்னா யோசிச்சுப் பாருங்க.

பிட்ஸ்பர்க் சேகர்:

மீனா, நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டிகளில் இருப்பது 1986க்கும் 1993க்கும் நடுவில் வந்த கார்டுகள் என்றால், கடைக்காரர் சொன்னது நியாயமான விலைதான். ஆனாலும் இப்போது விற்க வேண்டாம். பையன் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கார்த்தி தம்பி, நீங்கள் பார்த்தது கேட்கிற விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். இபேயில் இடது பக்கம் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி ஒரு வசதி இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுத் தேடுங்கள். அதே பாண்ட்ஸ் கார்டு சில டாலருக்குப் போயிருப்பதைப் பார்ப்பீர்கள். வாங்கியவர் கொடுத்த பணம்தான் விலை. இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டாலே பாதித் தொழில் கைக்கு வந்த மாதிரி.

வயது ஆக ஆக விலை ஏறும் என்று நாம் நினைக்கிறோம். இங்கே கணக்கு வேறு. எத்தனை அச்சானது, அதில் எத்தனை மிச்சம் இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், இவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன.

1952இல் டாப்ஸ் கம்பெனி 407 கார்டு கொண்ட ஒரு தொகுப்பு போட்டது. கடைசிப் பகுதி, 311ஆம் எண்ணிலிருந்து, பேஸ்பால் பருவம் முடியும் நேரத்தில் கடைக்கு வந்ததால் சரியாக விற்கவில்லை. குழந்தைகளின் கவனம் அதற்குள் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விட்டது. மீந்ததெல்லாம் வருஷக்கணக்கில் கிடங்கில் கிடந்தது. அந்தத் தொகுப்பை வடிவமைத்த சை பெர்கரே 1960இல் அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். பின்னாளில் அவரே சொன்ன விஷயம் இது. அந்த 311ஆம் எண் மிக்கி மேண்டில். நியூயார்க் யாங்கீஸ் அணியின் பெரிய நட்சத்திரம். கடலுக்குப் போகாதவற்றிலும் நிறைய சைக்கிள் சக்கரத்தில் சொருகப்பட்டு, ரப்பர் பேண்டு போட்டு, பையன் கல்லூரிக்குப் போனதும் அம்மா குப்பையில் போட்டு ஒழிந்தன. மூலை மழுங்காமல் தப்பிய ஒரு மேண்டில் 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதை விற்றவர் 1991இல் ஐம்பதாயிரம் டாலருக்கு வாங்கியிருந்தார்.

எங்கள் ஊர் கதை இன்னும் பழையது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிக்குள் கார்டு வைத்தது. பைரட்ஸ் அணியின் ஹோனஸ் வாக்னர் தன் படத்தைப் போடக்கூடாது என்று தடுத்துவிட்டார். குழந்தைகள் புகையிலை வாங்கக் கூடாது என்பதற்காக என்று ஒரு சாரார் சொல்வார்கள், பணம் தராததால் என்று இன்னொரு சாரார். அச்சை நிறுத்துவதற்குள் வெளியே வந்தவற்றில் இன்று இருப்பது ஐம்பது, அறுபது என்கிறார்கள். 2021இல் ஒன்று 66 லட்சம் டாலருக்கு மேல் போனது. வாக்னர் சிலை எங்கள் மைதான வாசலில் நிற்கிறது. ஆட்டம் பார்க்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவேன்.

இனி உங்கள் பெட்டிகளுக்கு வருகிறேன். 1980 வரை டாப்ஸ்தான் கிட்டத்தட்ட தனிக்காட்டு ராஜா. அந்த வருஷம் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வழி திறந்துவிட, 1981இல் ஃப்ளீர், டான்ரஸ் இரண்டும் வந்தன. 1988இல் ஸ்கோர். 1989இல் அப்பர் டெக். அதே சமயம் பழைய மேண்டில் கார்டு ஆயிரக்கணக்கில் விற்கிறது என்று பத்திரிகைகளில் செய்தி வர ஆரம்பித்தது. ஊரே கார்டு வாங்கிச் சேர்த்தது. கம்பெனிகள் கேட்கக் கேட்க அச்சடித்தன. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் போல லட்சக்கணக்கானவர்கள் பிரிக்காத பெட்டிகளாக வாங்கி, பேரன் படிப்புக்கு ஆகும் என்று பத்திரமாக மேலே ஏற்றி வைத்தார்கள். யாரும் தூக்கிப் போடவில்லை. அதனால்தான் இன்று விலை இல்லை. 1994இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, வருஷக் கடைசி இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரீஸே நின்றுபோனதும், அந்த மோகமும் அடங்கியது.

ஆபீஸ் நண்பர் சொன்னது 1990இல் எல்லாரும் உண்மையாக நம்பிய விஷயம். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வருஷங்களிலும் தேட வேண்டிய கார்டுகள் உண்டு. பையனிடம் இதைச் சொல்லுங்கள்.

1989 அப்பர் டெக் இருந்தால் முதல் எண்ணைத் தேடட்டும்: கென் கிரிஃபி ஜூனியர். பின்பக்கம் சின்ன ஹாலோகிராம் இருக்கும். அந்தக் காலத்துக் கார்டுகளில் இன்றும் எல்லாரும் ஆசைப்படுவது அதுதான். 1990 டாப்ஸில் 414ஆம் எண் ஃபிராங்க் தாமஸ். பெரும்பாலானவற்றில் முன்பக்கம் பெயர் இருக்கும், அதற்குப் பெரிய விலை இல்லை. அச்சுக் கோளாறால் பெயரே விழாமல் வந்தவை சில உண்டு. அவை ஆயிரங்களில் போகும். 1991 டாப்ஸில் மூலையில் பொன் நிறத்தில் கேடய முத்திரை இருந்தால் தனியாக எடுத்து வைக்கவும். வளைகுடாப் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு அனுப்பியவை அவை. அதிலும் போலி முத்திரை குத்தி விற்கிறார்கள், ஆகவே எடுத்த எடுப்பில் கொண்டாட வேண்டாம். 1989 ஃப்ளீரில் பில்லி ரிப்கன் கார்டு ஒன்று, மட்டையின் அடிமுனையில் கெட்ட வார்த்தை எழுதியிருக்கும். விலை பெரிதாக இல்லை, பையன் கண்ணில் படுமுன் நீங்கள் பார்த்துவிடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். டாப்ஸ் போட்ட இன்னொரு வரிசையான 1992 போமனில் 302ஆம் எண் மரியானோ ரிவேரா. அப்பர் டெக் போட்ட 1993 எஸ்பி வரிசையில் 279ஆம் எண் டெரெக் ஜீட்டர், பளபளப்பான தாளில். இந்த இரண்டும் நல்ல விலை உள்ளவை, இருவருமே யாங்கீஸ் ஆட்டக்காரர்கள். நீங்கள் இருக்கிற பக்கம் யாங்கீஸ் ரசிகர்கள் அதிகம், தாத்தா வாங்கியிருக்க வாய்ப்புண்டு.

கார்த்தி சொன்ன பாண்ட்ஸ் கதையையும் சொல்ல வேண்டும். 762 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), அமெரிக்க மேஜர் லீகில் வேறு யாரும் அவ்வளவு அடித்ததில்லை. ஆனால் ஸ்டீராய்டு விவகாரத்தால் பத்து வருஷம் வாக்கெடுப்பில் நின்றும் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள், வாக்களிக்கும் பத்திரிகை எழுத்தாளர்கள் விடவில்லை, 2022இல் அந்த வாய்ப்பு முடிந்தது. மார்க் மெக்வயர் 1998இல் 70 ஹோம் ரன் அடித்தபோது அவருடைய 1985 டாப்ஸ் கார்டு விலை எகிறியது. 2010இல் தானும் ஸ்டீராய்டு எடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். இன்று அந்தக் கார்டை அன்றைய விலையில் கேட்க ஆள் இல்லை. ஆட்டக்காரர் பெயர் கெட்டால் கார்டும் சேர்ந்து கெடும்.

நிலை பற்றி. நான்கு விஷயம் பார்ப்பார்கள்: படம் நடுவில் இருக்கிறதா, மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு. பிஎஸ்ஏ போன்ற கம்பெனிகள் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும். கண்ணுக்குப் புதிதாகத் தெரிகிற கார்டு ஏழு வாங்குவது சகஜம். ஓரத்தை வெட்டிச் சீராக்கியிருந்தால் மதிப்பெண்ணே கிடையாது. பிஎஸ்ஏ 1991இல் முதன்முதலாக மதிப்பெண் போட்டதே ஒரு வாக்னர் கார்டுக்குத்தான், எட்டு கொடுத்தார்கள். அந்தக் கார்டின் ஓரத்தை வெட்டியதாகப் பல வருஷம் கழித்து அதை விற்றவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நிபுணர்களையே ஏய்க்கிற வேலை அது.

பையன் படித்த அந்தப் பத்து லட்சம் டாலர் கார்டும் எங்கள் பைரட்ஸ் ஆட்டக்காரருடையது, பால் ஸ்கீன்ஸ். 2024இல் முதல் ஆட்டத்தில் அவர் போட்டிருந்த சட்டையிலிருந்து எடுத்த பட்டையை வைத்து, கையெழுத்தும் வாங்கி, உலகத்திலேயே ஒன்றே ஒன்று என்று போட்டது. அதைக் கொடுத்தால் முப்பது வருஷத்துக்கு சீசன் டிக்கெட் என்று அணியே அறிவித்தது. அந்தக் குடும்பம் ஏலத்துக்கே விட்டது. இன்று அரிதாக இருப்பதைக் கம்பெனியே திட்டமிட்டு உண்டாக்கிப் பாக்கெட்டில் ஒளித்து வைக்கிறது. பையன் ஆசைக்கு எப்போதாவது ஒரு பாக்கெட் பிரிக்கட்டும். இது கிடைக்கும் என்று நம்பிப் பெட்டி பெட்டியாக வாங்கித் தராதீர்கள். லாட்டரிச் சீட்டுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எடிசன் மீனா:

சேகர் அண்ணா, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. சனிக்கிழமை பூரா ஹாலே கார்டுதான். அதிகமா இருக்கிறது 1987 டாப்ஸ், மரப்பலகை மாதிரி ஓரம் போட்டது. அப்புறம் 1988 டான்ரஸ், 1990 டாப்ஸ், 1991 ஃப்ளீர். 1989 அப்பர் டெக் கொஞ்சம் இருக்கு, அதுல கிரிஃபி ஒண்ணு கிடைச்சது! பையன் குதிச்ச குதியில கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துட்டாங்க. ஃபிராங்க் தாமஸ் மூணு இருக்கு, மூணுலயும் பேர் இருக்கு.

ஆனா இதைக் கேளுங்க. அடியில ஒரு கவர்ல தனியா 1952 மிக்கி மேண்டில் இருக்கு. 311ஆம் எண். புதுசா, ஒரு கீறல் இல்லாம. கை நடுங்குது எனக்கு. என்ன பண்றது?

பிட்ஸ்பர்க் சேகர்:

மீனா, முதலில் ஒரு ஸ்கேலை எடுங்கள். அசல் 1952 கார்டு 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். இன்றைய கார்டுகளின் அளவு 2½க்கு 3½. 1957இல்தான் டாப்ஸ் இந்த அளவுக்கு மாறியது. ஒரு 1987 கார்டை அதன் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் சரியாகப் பொருந்தினால் அது அசல் இல்லை. பின்பக்கம் ரீபிரிண்ட் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 1983இல் டாப்ஸே அந்த 1952 தொகுப்பை மறு அச்சாகப் போட்டு விற்றது. தாத்தா அதை வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒருவேளை அளவு பெரிதாக இருந்தால் எதுவும் செய்யாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அப்போதும் அது அவருடைய பொருள் என்று முதலில் அவரிடம் சொல்லிவிடுவதுதான் முறை.

கிரிஃபிக்கு வாழ்த்துகள். உடனே மதிப்பெண்ணுக்கு அனுப்பிவிடாதீர்கள். பிஎஸ்ஏ கட்டணம் கார்டுக்கு இருபது டாலருக்கு மேல், தபால், காப்பீடு தனி. அந்தக் கார்டு பத்து வாங்கினால் ஆயிரங்களில் போகும். ஒன்பது வாங்கினால் அதில் பத்தில் ஒரு பங்கு பெறுவதே பெரிது. எட்டு வந்தால் செலவுக்கும் வரவுக்கும் சரியாகப் போகும். முதல் எண் என்பதால் அச்சுத்தாளின் மூலையில் இருந்த கார்டு அது, மூலை அடிபட்டவை நிறைய. நல்ல வெளிச்சத்தில், பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியில் நான்கு மூலைகளையும் பாருங்கள். ஒரு மூலையில் வெள்ளை தெரிந்தால்கூட பத்தை மறந்துவிடலாம். எத்தனை கிரிஃபிக்கு எந்த மதிப்பெண் என்ற பட்டியலை பிஎஸ்ஏ தன் தளத்திலேயே வெளியிடுகிறது. அதைப் பையனையே பார்க்கச் சொல்லுங்கள், கணக்குப் பாடமும் ஆச்சு.

எடிசன் மீனா:

அளந்தோம் அண்ணா. 1987 கார்டோட அச்சாப் பொருந்துது. பின்னாடி பொடி எழுத்துல ரீபிரிண்ட்னு இருக்கு. தாத்தாவுக்கு ஃபோன் பண்ணினேன். அவருக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு. சின்ன வயசுல அசல் மேண்டிலே அவர்கிட்ட இருந்ததாம், ராணுவத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அவங்க அம்மா வீட்டை ஒழிச்சுட்டாங்களாம். அதனாலதான் இந்த மறு அச்சை வாங்கி வெச்சிருந்தாராம். ஃப்ளோரிடாவுக்கே அனுப்பி வைக்கவான்னு கேட்டேன். வேண்டாம், பையன்கிட்டயே இருக்கட்டும்னார்.

ஸ்காபரோ குமரன்:

வணக்கம். மீனா அக்கா, டொராண்டோவில் இருந்து ஒரு விசயம். அந்த டாப்ஸ் கார்டுகளின்ரை பின்பக்கத்தை ஒருக்கா பாருங்கோ. ஆங்கிலத்தோடை பிரெஞ்சும் இருந்தால் அது ஓ-பீ-சீ, கனடாவில் லண்டன் ஒன்ராறியோவில் அடிச்சது. படம் டாப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அமெரிக்காவில் அடிச்ச அளவு இங்கை அடிக்கேல்லை. அதே ஆட்டக்காரனுக்கு ஓ-பீ-சீயைத் தேடுற ஆக்கள் இருக்கினம். பெரிய காசு எண்டில்லை, தனியாப் பிரிச்சு வையுங்கோ.

நாங்கள் இங்கை வந்த புதுசில தான் எங்கடை ஊர் அணி புளூ ஜேஸ் 92, 93 எண்டு ரெண்டு வருசமும் வேர்ல்ட் சீரீஸ் வெண்டது. ஜோ கார்ட்டர் அந்த ஹோம் ரன் அடிச்ச இரவு எங்கடை கட்டிடம் முழுக்கச் சத்தம். எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரிஞ்ச காலம். பள்ளிக்கூடத்தில கார்டு மாத்தித்தான் பெடியளோடை பழகினனான். அந்த ஆல்பத்தில இருக்கிறது எல்லாம் அஞ்சு சதம் பத்துச் சதம் கார்டு. ஆரும் கேட்டாலும் குடுக்கமாட்டன்.

சேகர் அண்ணை, நீங்கள் என்ன சேர்க்கிறியள் எண்டு சொல்லேல்லையே?

பிட்ஸ்பர்க் சேகர்:

குமரன், ஓ-பீ-சீயை நினைவுபடுத்தியது நல்லதாகப் போயிற்று. நான் சேர்ப்பது ராபர்ட்டோ கிளெமென்டே மட்டும். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து கடைசி வரை பைரட்ஸுக்கே ஆடியவர். சரியாக 3,000 ஹிட். 1972 டிசம்பர் 31 இரவு, நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டு போன விமானம் கடலில் விழுந்து இறந்தார். அவருடைய 1973 டாப்ஸ் கார்டு, 50ஆம் எண், அந்த மரணத்துக்குப் பிறகுதான் கடைக்கு வந்தது.

1960களின் கார்டுகளில் பாப் கிளெமென்டே என்றுதான் அச்சடித்திருப்பார்கள். தன்னை ராபர்ட்டோ என்றே கூப்பிட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் வாங்குவதெல்லாம் மடிப்பு விழுந்ததும், மூலை உருண்டதும், பின்னால் யாரோ ஒரு பையன் பேனாவால் கிறுக்கியதும். மதிப்பெண் இரண்டு, மூன்று. பத்து வாங்கிய கார்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, பல சமயம் அதிலும் மிகக் குறைவு. அதே ஆள், அதே படம், அதே வருஷத்து அச்சு. பழைய கார்டு வேண்டும், பணம் இல்லை என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் வழி இது. மீனா, பையனுக்குப் பிறந்த நாள் வந்தால் நூறு டாலருக்குப் புதுப் பாக்கெட் வாங்குவதற்குப் பதில், இப்படி ஒரு மடிந்த மேண்டிலோ கிளெமென்டேயோ, 60களில் வந்தது ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

எடிசன் மீனா:

ஓ-பீ-சீ ஒண்ணும் இல்லை குமரன் தம்பி, பார்த்துட்டோம். கடைக்காரர்கிட்ட விக்கப் போறதில்லைன்னு பையன் முடிவு பண்ணிட்டான். 1987 டாப்ஸ் 792 கார்டையும் முழுசாச் சேர்க்கப் போறானாம். எண் வாரியா அடுக்கிட்டான். 170 போ ஜாக்சன், 420 வில் கிளார்க், 648 பாரி லார்கின், இன்னும் ஒரு இருபது எண் இல்லை. முழுப் பட்டியல் அப்புறம் போடறேன். யார்கிட்டயாவது கூடுதலா இருந்தா சொல்லுங்க, எங்ககிட்ட 366 மெக்வயர் நாலு இருக்கு, மாத்திக்கலாம். எதுல போட்டு வைக்கிறதுன்னும் சொல்லிடுங்க.

பிட்ஸ்பர்க் சேகர்:

லார்கினும் கிளார்க்கும் என்னிடம் இரட்டையாக இருக்கின்றன. தனிச்செய்தியில் விலாசம் கொடுங்கள். மெக்வயர் ஒன்று அனுப்பினால் போதும்.

ஒன்பது அறை உள்ள பிளாஸ்டிக் தாள் வாங்கி ஃபைலில் போடலாம், ஆனால் பிவிசி இல்லாதது என்று அட்டையில் போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். பிவிசி நாளாவட்டத்தில் கார்டின் மேற்பரப்பைக் கெடுத்துவிடும். கிரிஃபிக்கு மட்டும் பென்னி ஸ்லீவ் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன் மேல் டாப்லோடர் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் உறை. ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம். 1987 பாக்கெட்டில் பபுள்கம் வைத்திருப்பார்கள். பின்பக்கம் பழுப்புக் கறை இருக்கிற கார்டு அந்த கம் ஒட்டியது, துடைக்க முயன்றால் அச்சும் வந்துவிடும். அப்படியே வையுங்கள். கராஜில் மட்டும் திரும்பவும் வைக்காதீர்கள், நியூ ஜெர்சி ஜூலை ஈரத்துக்கு அட்டை வளைந்துவிடும்.

ஸ்காபரோ குமரன்:

போ ஜாக்சன் என்னட்டை இருக்கு அக்கா. மற்ற எண்களையும் போடுங்கோ, ஞாயிறு பெட்டியைத் திறந்து பாக்கிறன்.